மூன்று போத்தல் பெற்றோல்

பட்டப்பகல் வெயிலில் பெற்றோல் நெருப்பு கண்ணுக்கு இலேசில் தெரியாது. எஞ்சினுக்கு மேலே காற்று மட்டும் நெளிந்தது. அதற்குப் பின்னால் தெரிந்த பனைமரக் கரை ஆடியது. கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். பிறகு என் வலது கை மயிர் பொசுங்குகிற மணம் வந்தது.

கரையிலிருந்து ஐந்து மைல். பதினெட்டு அடி வள்ளம். தெற்கிலிருந்து சோளகக் காற்று. வள்ளத்துக்குள் நான் ஒருவன்.

இந்தத் தொடரில் இதுவரை இரும்புக் கப்பல்களைப் பற்றித்தான் அளந்து வந்திருக்கிறேன். போன கிழமை, கால்வாய் வாசலில் பதினொரு நாள் காத்துக் கிடந்த கதை. அதைப் படித்த ஒரு வாசகர், “இருபத்தாறு வருடம் கடலில் இருந்திருக்கிறீர்கள், ஒரு நாளாவது பயந்ததில்லையா?” என்று கேட்டு எழுதியிருந்தார்.

பயந்திருக்கிறேன் ஐயா. ஆனால் கப்பலில் இல்லை. வல்வெட்டித்துறையில், என் வீட்டு வாசலில் நின்றால் தெரிகிற கடலில், போன சோளகக் காற்றுக் காலத்தில்.

ஆறு மாதம் என்று போனவள்

நெருப்பை அப்படியே எரியவிட்டு வேறு கதைக்குப் போகிறேன் என்று கோபிக்காதீர்கள். அந்த வள்ளத்தில் நான் ஏன் தனியாக இருந்தேன் என்று சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது.

கப்பல் எஞ்சின் அறையில் கிறீஸும் வெக்கையுமாய்ச் சீவித்துவிட்டு, ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தேன். வந்த அடுத்த வருடமே என் மனைவி மனோகரி ரொறன்ரோவுக்குப் போனாள். மகளுக்குப் பிள்ளைப்பேறு. ஆறு மாதம் என்றுதான் போனாள். அந்தப் பிள்ளைக்கு இப்போது முன்பல் விழுந்து, புதுப்பல்லும் முளைத்துவிட்டது.

நானும் ஒரு தரம் போய்ப் பார்த்தேன். குளிர்கூடப் பரவாயில்லை. யன்னலுக்கு உள்ளே இருந்து வெளியே பார்க்கிற வேலையைக் கப்பலில் போதிய அளவு செய்துவிட்டேன். இரண்டு மாதத்தில் திரும்பி வந்தேன்.

ஒவ்வொரு நாள் பின்னேரமும் போனில் முகம் பார்த்துக் கதைப்போம். “சாப்பிட்டியளோ?” “ஓம்.” “என்ன கறி?” சில நாள் உண்மையான கறி சொல்வேன். சில நாள் சமைக்காத கறியைச் சொல்வேன். அவள் தூள் போதுமா, புளி விட்டீர்களா என்று அந்த இல்லாத கறியைத் திருத்துவாள். அதற்குப் பிறகு வீடு பேசாமல் இருக்கும்.

ஊரிலும் எனக்குக் கதை இல்லை. தேத்தண்ணிக் கடையில் என் வயதுக்காரர் இருந்து பழைய நாட்களைக் கதைப்பார்கள். குண்டு விழுந்தது, இடம்பெயர்ந்தது, சவர்க்காரம் இல்லாமல் பனங்களியில் உடுப்புத் தோய்த்தது. அதில் சிரிக்கவும் அவர்களுக்கு நிறைய இருக்கிறது. நான் போய் இருந்தால் கதை மெல்ல மாறும். “என்ன கப்பல்காரர், உலகம் எப்பிடி?” என்பார்கள். மரியாதையாகத்தான் கேட்பார்கள். அவர்களுக்குள்ளே ஒரு பத்து வருடம் இருக்கிறது, அதற்குள் நான் இல்லை.

அதனால்தான் வள்ளம் வாங்கினேன். மீனுக்காக இல்லை. கடலில் தனியாக இருப்பவனை ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை.

வாங்கின முதல் கிழமை, அடுத்த ஒழுங்கையில் இருக்கிற சின்னராசா அண்ணை வந்து வள்ளத்தைச் சுற்றிப் பார்த்தார். என்னிலும் ஆறேழு வயது மூத்தவர். பிறந்தது முதல் கடல்தொழில். முழங்கால் போனதால் தன் வள்ளத்தை விற்றுவிட்டிருந்தார். மனைவி எப்போதோ பிள்ளைப்பேற்றில் இறந்துவிட்டார். ஒரே மகள் சுபா கரவெட்டியில் கலியாணம் கட்டி இருக்கிறாள்.

“கப்பல் ஓட்டினால் வள்ளம் ஓட்டத் தெரியுமோ?” என்று கேட்டார்.

“கப்பலும் நான் ஓட்டேல்லை அண்ணை. எஞ்சினுக்கு எண்ணெய் விட்டனான்.”

“அப்ப நான் வரத்தான் வேணும்,” என்றார். நாலு வருடம் வந்தார்.

வள்ளத்தில் ஏறும்போது கை நீட்டினால் பிடிக்கமாட்டார். வீம்பு. விளிம்பைப் பிடித்து, முழங்காலைத் திட்டித் திட்டி, தானே ஏறுவார். ஒரு நாளைக்கு இருபது சொல் கதைத்தால் அதிகம். அந்த இருபது சொல்லில்தான் நான் நாலு வருடம் சீவித்தேன் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பின்னால் நிற்கிற ஆள்

கப்பலில் ஏறுகிற ஒவ்வொருவனும் தீயணைக்கப் பழக வேண்டும். இருட்டுப் பெட்டி மாதிரி ஓர் இரும்பு அறைக்குள் நெருப்பு மூட்டி, உள்ளே அனுப்புவார்கள். புகையில் உன் கையே உனக்குத் தெரியாது. முகமூடி போட்டிருப்பதால் கதைக்கவும் ஏலாது.

அங்கே முதல் சட்டம், ஒருவனும் தனியாக நெருப்புக்குள் போகக்கூடாது. குழாய் பிடிக்கிறவனுக்குப் பின்னால் இன்னொருவன். அவன் தன் கையை முன்னால் நிற்பவனின் தோளில் வைத்திருக்க வேண்டும். இரண்டு தட்டுத் தட்டினால் முன்னுக்குப் போ. இழுத்தால் திரும்பி வா. ஒன்றும் செய்யாமல் கை அங்கேயே இருந்தால், நான் நிற்கிறேன் என்று அர்த்தம்.

இதை நான் ஒரு நாள் வலை இழுத்து முடிந்த களைப்பில் சின்னராசா அண்ணைக்குச் சொன்னேன். அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு கேட்டார். பிறகு வள்ளத்தை முன்னும் பின்னும் பார்த்தார்.

“உதுக்குள்ளை பின்னாலை நிக்க இடம் எங்கையடா? எனக்குப் பின்னாலை நீ நிண்டால் கடலுக்கைதான் நிக்கோணும்.”

ஆனாலும் என் கப்பல் சட்டங்களை வள்ளத்தில் நான் விடவில்லை. தீயணைக்கிற சிவப்புச் சிலிண்டர் ஒன்று யாழ்ப்பாணத்தில் வாங்கி, நடுப்பலகையில் கொளுவினேன். எஞ்சினுக்குப் பக்கத்தில் கொளுவினால், நெருப்புப் பிடித்தவுடன் நெருப்பைத் தாண்டித்தான் அதை எடுக்க வேண்டிவரும். பலர் விடுகிற பிழை அது.

அடுத்த நாள் பார்த்தால் சிலிண்டருக்குப் பொலித்தீன் உறை. மேலே நைலோன் நூலால் சுற்றிச் சுற்றிக் கட்டு. “உப்புப் பிடிச்சிடும்,” என்றார் அண்ணை. அவர் வீட்டில் ரீவி ரிமோட்டும் இன்னும் பொலித்தீனுக்குள்தான் இருக்கிறது. நான் கிழித்து எறிந்தேன். மறுபடி கட்டினார். மறுபடி கிழித்தேன். கடைசியில் நான்தான் களைத்தேன்.

கற்பூர விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் இறங்கி வந்தோம். வெளிக்கிட முன் அணியத்தில், அதுதான் வள்ளத்தின் முன்பக்கம், கற்பூரம் கொளுத்துவது அவர் வழக்கம். பெற்றோல் இருக்கிற இடத்தில் கற்பூரமா என்று நான் துள்ளினேன். பிறகு கரையில் ஒரு கல்லில் கொளுத்தினார். சாமி கோபித்ததாகத் தெரியவில்லை.

ஒரு மூடி

எங்கள் பக்கத்து எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. ஆனால் மண்ணெண்ணெயில் எழும்பாது. பெற்றோலில் எழுப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அண்ணையிடம் இதற்கு ஒரு குறுக்கு வழி இருந்தது. எஞ்சின் நடுவில் நின்றுவிட்டால் மேல்மூடியைக் கழற்றி, போத்தல் மூடியால் ஒரு மூடி பெற்றோலை நேரே காபரேற்றர் வாயில் ஊற்றி, கயிற்றை இழுப்பார். உடனே எழும்பும்.

“சூட்டோடை ஊத்தாதேங்கோ அண்ணை, ஒரு நாளைக்குப் பத்தும்,” என்று எத்தனை தரம் ஏசியிருப்பேன்.

“ஒரு மூடிதானே,” என்பார்.

அதிலும் பெரிய சண்டை போத்தல்களால் வந்தது. நாடு முழுக்கப் பெற்றோல் வரிசையில் நின்ற வருடம் நினைவிருக்கும். மற்ற இடங்களில் சனம் திகைத்துப்போய் நின்றது. எங்கள் ஊரில் திகைக்கவில்லை. அலமாரிக்குக் கீழே, கோழிக்கூட்டுக்குப் பின்னால் என்று எங்கெங்கோ இருந்து சோடாப் போத்தல்கள் வெளியே வந்தன. வரிசைகள் முடிந்த பிறகும் சின்னராசா அண்ணை ஒளிப்பதை நிறுத்தவில்லை.

ஒரு நாள் அணியத்துப் பலகைக்குக் கீழே ஒன்றைக் கண்டுபிடித்தேன். வெயிலில் ஊதிப்போய், தொட்டால் வெடிக்கிறது மாதிரி இருந்தது. அவர் பார்த்துக்கொண்டு நிற்க, மூடியைத் திறந்து மணலில் கவிழ்த்தேன்.

“என்ன செய்யிறாய்?”

“வள்ளத்துக்கை சோடாப் போத்தல்லை பெற்றோல் வைக்கக் கூடாதெண்டு எத்தினை தரம் சொன்னனான்? ரெண்டு பேரும் சாகிறதுக்கோ?”

அவர் மணலையே பார்த்தார். ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து அந்த ஈர மணலைத் தொட்டார்.

“நீ கப்பலிலை இருந்தனீ,” என்றார். “உனக்கு என்ன தெரியும்?”

சாப்பாட்டுப் பார்சலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு வரவில்லை. வழியில் கண்டால் சைக்கிளை மற்றப் பக்கம் திருப்பினார். நாற்பது நாள். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

போனில் மனோகரி, “சின்னராசா அண்ணை வாறவர்தானே? தனியப் போறேல்லைத்தானே?” என்று கேட்பாள். “ஓம், வாறவர்,” என்று சொல்லிவிடுவேன்.

சுபா சொன்னது

பதினைந்தாம் நாளோ பதினாறாம் நாளோ, பொறுக்காமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கரவெட்டிக்குப் போனேன். மகளைக்கொண்டு தகப்பனுக்குப் புத்தி சொல்விக்கலாம் என்பது எண்ணம். பெற்றோல் போத்தல் ஆபத்து என்று சுபாவுக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். அவள் தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டு, முழுவதையும் கேட்டாள்.

“அம்மா செத்தது எப்பிடியெண்டு அப்பா உங்களுக்குச் சொல்லேல்லையோ மாமா?”

“பிள்ளைப்பேறிலை எண்டு தெரியும்.”

“அவ்வளவும்தானோ?”

யுத்தத்தில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை போட்ட காலம். பெற்றோல் இல்லை. வாகனங்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. அதுவும் வள்ளத்து எஞ்சின் மாதிரித்தான், எழுப்புவதற்கு மட்டும் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். மருந்துப் போத்தலில், ஊசிக் குழாயில் வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாய்ப் பாவிப்பார்கள்.

“மத்தியானமாம் மாமா. அம்மாவுக்குப் பிள்ளைப்பேற்று நோக் கண்டு, ரத்தம் நிக்கேல்லை. பக்கத்து வீட்டு வான் வாசல்லை நிண்டது. ராங்க் நிறைய மண்ணெண்ணெய். எழுப்பிறதுக்கு ஒரு மூடி பெற்றோல் இல்லை. ஒரு மூடி. அப்பா படலை படலையாய்த் தட்டிக்கொண்டு ஓடினவராம். அஞ்சாவது வீட்டிலை ஒரு அன்ரி இருமல் மருந்துப் போத்தலிலை ஒளிச்சு வச்சிருந்து குடுத்தவவாம்.”

சுபா தேத்தண்ணியை என் பக்கம் இன்னும் நகர்த்தி வைத்தாள்.

“ஆஸ்பத்திரி வாசலிலை நான் பிறந்தனான். அம்மா அதோடை எங்களை விட்டுப் போட்டா. இப்பவும் அப்பா போன் எடுத்தால் ஸ்கூட்டியிலை பெற்றோல் இருக்கோ எண்டுதான் முதல்லை கேப்பார். சாப்பிட்டனியோ எண்டு பிறகுதான்.”

அந்தத் தேத்தண்ணியை நான் குடிக்கவில்லை.

திரும்பி வருகிற வழியெல்லாம் ஒரு கணக்குத்தான் மனதில் ஓடியது. அவர் ஐந்து படலை தட்டிய அந்த மாதங்களில் நான் எங்கே இருந்தேன்? ஏதோ ஒரு கடலில், ஏதோ ஓர் எஞ்சின் அறையில். அங்கே வேலை முடிந்தால் நாங்கள் கை கழுவியது டீசலில். ஒரு வாளி நிறைய எடுத்து, உதிரிப் பாகங்களைக் கழுவி, கறுத்ததும் ஊற்றிவிட்டு இன்னொரு வாளி எடுப்போம். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு தரம் அவருடைய படலை வரைக்கும் போனேன். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய் என்னுடையது. இரண்டு தரமும் திரும்பி வந்தேன்.

எட்டு விநாடி

இனி நெருப்புக்கு வருவோம்.

நாற்பதாவது நாள். ஐந்து மைலில் எஞ்சின் செருமி, நின்றது. மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருக்க வேண்டும். ஒழுங்காகச் செய்வதென்றால் ஆறவிட்டு, குழாயைக் கழற்றி, வடித்துப் பார்க்க வேண்டும். எனக்கு அன்று மனம் சரியில்லை. மேல்மூடியைக் கழற்றி வைத்தேன். பெற்றோல் கலனைத் திறந்து, ஒரு மூடி அளந்து, சூட்டோடு காபரேற்றர் வாயில் ஊற்றினேன். கொஞ்சம் கீழேயும் சிந்தியது. கலனைப் பூட்டிக் காலடியில் வைத்துவிட்டுக் கயிற்றை இழுத்தேன்.

நாலு வருடம் அவரை ஏசிய அதே வேலை. அவருக்கு ஒரு நாளும் பற்றாதது எனக்குப் பற்றியது.

காற்று பின்பக்கத்தால் வந்தது. அதனால் நெருப்பு என்னைப் பார்த்து வந்தது. நான் மேலே குந்தியிருந்த உயிர்காப்பு அங்கியை எடுத்து மாட்டினேன். முதலில் ஆள், பிறகுதான் வள்ளம். பெற்றோல் கலனைத் தூக்கி வலப்பக்கமாய்த் தூர எறிந்தேன். மண்ணெண்ணெய்க் குழாயைப் பிடுங்கினேன். தண்ணீர் அள்ளி ஊற்று என்று கை துடித்தது. பெற்றோல் நெருப்பில் தண்ணீர் ஊற்றினால் அது தண்ணீரில் ஏறி வள்ளம் முழுக்க ஊர்வலம் போகும். கையை அடக்கினேன்.

வள்ளத்தைத் திருப்ப வேண்டும். எஞ்சின் இல்லாமல் எப்படித் திருப்புவது? நங்கூரம். அணியத்தில் கட்டிய நங்கூரத்தைப் போட்டால், முன்பக்கம் பிடிபட்டு, வள்ளம் தானே சுழன்று காற்றுக்கு முகம் கொடுக்கும். நெருப்பு பின்பக்கத்தால் கடலுக்குப் போகும். எங்கள் கடல் ஆழமில்லாதது, கயிறு எட்டும்.

அணியத்துப் பலகையைத் தூக்கினேன். கயிற்றுச் சுருளுக்குப் பின்னால், சாக்கில் சுற்றி, மூன்று சோடாப் போத்தல்கள்.

நான் கவிழ்த்தது ஒன்றைத்தான். மனுசன் இன்னும் மூன்று வைத்திருந்திருக்கிறார்.

வெக்கை முதுகில் அடித்தது. முதல் போத்தலை இடப்பக்கமாய் எறிந்தேன். இரண்டாவதை எறிந்தேன். மூன்றாவது கையில் இருந்தபோது ஐந்து படலையும் ஞாபகம் வந்தது. அதையும் எறிந்தேன். அதற்குப் பிறகு நங்கூரத்தைப் போட்டேன்.

வள்ளம் சோம்பேறித்தனமாய்த் திரும்பியது. திரும்பி முடிந்ததும் புகை என்னை விட்டு வடக்கே போனது. அப்போதுதான் மூச்சு வந்தது.

சிலிண்டரை எடுத்தேன். பொலித்தீன், அதற்கு மேல் நைலோன் நூல். கத்தியால் அறுக்க ஐந்தாறு விநாடி போனது. அந்த ஐந்தாறு விநாடியும் அண்ணையைத் திட்டினேன். ஆனால் சிலிண்டரின் பூட்டு ஊசியை இழுத்தபோது துளிகூட இறுக்கம் இல்லை. நாலு வருட உப்புக் காற்றில் துரு என்பதே பிடிக்கவில்லை. திட்டியதைப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

சின்னச் சிலிண்டர். எட்டு விநாடிதான் தூள் வரும். கப்பலில் மாதிரிக் கடலையே குழாயில் இழுத்து அடிக்க ஏலாது. முழங்காலில் குந்தி, நெருப்பின் அடியைக் குறிபார்த்தேன். சுவாலையை அடித்தால் தூள் வீண், அடியை அடிக்க வேண்டும்.

அப்படிக் குந்தியபடி நான் அடிக்காமல் இருந்தேன். ஏன் என்று எனக்கே ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. தோளில் இரண்டு தட்டு விழும் என்று காத்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருடப் பழக்கம்.

திரும்பிப் பார்த்தேன். அணியம், கயிறு, கடல். ஐந்து மைலுக்கு ஒரு மனிசர் இல்லை.

வாசகர் கேட்டாரே, பயந்தீர்களா என்று. அந்த இடத்தில்தான் ஐயா. நெருப்புக்கு இல்லை.

மூன்று விநாடி அடித்தேன். நெருப்பு படுத்து, மறுபடி எழும்பியது. மிச்ச ஐந்தையும் அடித்தேன். போத்தல் சுற்றியிருந்த சாக்கைக் கடலில் தோய்த்து, எஞ்சினுக்கு மேலே போர்த்தி, காற்றுப் புகாமல் அமத்தினேன். வலது கை வெந்தது அப்போதுதான். எரிபொருள் நெருப்பு அணைந்த பிறகு, கருகிப் புகைந்த பைபர் ஓட்டுக்கு வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றினேன். இனி ஊற்றலாம்.

பிறகு உட்கார்ந்து அழுதேன். சத்தம் போட்டுத்தான். கேட்க ஆள் இல்லாத இடத்தில் அதற்கென்ன வெட்கம்.

மிதந்தவை

முகத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், தூரத்தில் ஏதோ மினுங்கியது. போத்தல்.

பெற்றோல் தண்ணீரை விட இலேசு. இறுக்கிப் பூட்டிய போத்தல் தாழாது. மூன்றும் சோளகத்தில் ஏறி வடக்கே போய்க்கொண்டிருந்தன. கரை இருப்பது தெற்கே. வடக்கே போனால் எல்லைக் கடல், அதற்கு அப்பால் இந்தியா.

கப்பல் சட்டப்படி நான் செய்ய வேண்டியது நங்கூரத்தில் கிடந்து, போன் எடுத்து, ஆள் வரும்வரை பேசாமல் இருப்பது. எனக்கு இது நன்றாகத் தெரியும். மற்றவனுக்கு நான் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

நங்கூரத்தைத் தூக்கினேன். துடுப்பை எடுத்தேன்.

என்னுடைய பெற்றோல் கலனும் ஒரு பக்கமாய்ப் போய்க்கொண்டிருந்தது. அதைப் போகவிட்டேன். அது கடையில் வாங்கக் கூடியது.

எவ்வளவு நேரம் துடுப்பு வலித்தேன் என்று தெரியாது. வெந்த கையைப் பெனியனால் சுற்றியிருந்தேன். ஒவ்வொரு வலிப்புக்கும் தோல் கழன்றது. முதல் போத்தலைப் பிடித்தேன். இரண்டாவதற்கு இன்னும் தூரம் போக வேண்டியிருந்தது. மூன்றாவது ஒரு அலையில் தெரிந்தது, அடுத்ததில் தெரியவில்லை. எழும்பி நின்று பார்த்தேன். கரையில் பனைமரங்கள் ஒரு கறுப்புக் கோடாகிவிட்டிருந்தன. அங்கேயே நின்று, “அண்ணை, ஏலாது,” என்று சத்தமாய்ச் சொன்னேன்.

பிறகுதான் போன் எடுத்தேன். சிக்னல் ஒரு கோடு இருந்தது. பொலிகண்டிப் பக்கத்து வள்ளமொன்று வந்து கயிறு எறிந்தது. அதில் வந்த இரண்டு பேரும் எஞ்சினைப் பார்த்தார்கள், கையைப் பார்த்தார்கள், மடியில் இருந்ததைப் பார்த்தார்கள்.

“என்ன ஐயா, இண்டைக்கு வலையிலை சோடாப் போத்தலோ பட்டது?”

“ஓம்,” என்றேன். “ரெண்டு.”

கரையில்

செய்தி எங்களுக்கு முன்னமே கரைக்குப் போயிருந்தது. சின்னராசா அண்ணை தண்ணீர் விளிம்பில் நின்றார். சைக்கிள் பின்னால் மணலில் விழுந்து கிடந்தது.

வள்ளத்தை ஏற்றினார்கள். அவர் பின்பக்கம் போய், கருகின இடத்தை விரலால் தொட்டு மணந்து பார்த்தார். நான் போத்தல் இரண்டையும் எடுத்து அவர் காலடியில் வைத்தேன்.

“மூண்டும் எறிஞ்சிட்டன் அண்ணை. எறியாமல் ஏலாது. பிறகு போய் எடுத்தனான். ஒண்டு கடலோடை போட்டுது.”

அவர் போத்தல்களைப் பார்த்தார்.

“உதுக்குப் பின்னாலையோ போனனீ?”

“ஓம்.”

“எந்தப் பக்கம்?”

“வடக்கை.”

“உந்தக் கையோடை?”

“சுபா சொன்னவள்,” என்றேன். அதுதான் நான் கேட்ட மன்னிப்பு.

“விட்டிட்டு வந்திருக்கலாமேடா, விசரா,” என்றார். ஒரு சொட்டுப் பெற்றோலை விடத் தெரியாத மனிசன் சொன்னார். குனிந்து போத்தல்களை எடுத்துச் சைக்கிள் பைக்குள் வைத்தார். “இது இனி வீட்டிலை இருக்கட்டும். வள்ளத்துக்கை வேண்டாம்.”

சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு சற்று நின்றார்.

“அணைக்கேக்கை பின்னாலை ஆர் நிண்டது?”

“ஒருத்தரும் இல்லை அண்ணை.”

தலையை ஆட்டினார். “நாளைக்கு எத்தினை மணிக்கு?”

“எஞ்சின் எரிஞ்சு கிடக்கு. நாளைக்கு எங்கை போறது?”

“அது எனக்குத் தெரியும். எத்தினை மணிக்கு எண்டு கேட்டனான்.”

அன்று பின்னேரம் மனோகரி போனில் வந்தாள். கைக்கட்டுத் தெரியாமல் போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்தேன். என்ன கறி என்றாள். சூடைமீன் சொதி என்றேன், பொய்க்கறிதான். “சின்னராசா அண்ணை வாறவர்தானே?” என்று கேட்டாள். “ஓம், வாறவர்,” என்றேன். நாற்பது நாளில் அந்தப் பதில் பொய்யாக இல்லாதது அன்றுதான். அவளுக்கு அது தெரியாது.

விடிந்து வெளிச்சம் பரவும்போது கரைக்குப் போனேன். வள்ளம் மணலில், கருகிய பின்பக்கம் கடலைப் பார்க்கக் கிடந்தது. அவர் எனக்கு முன்னமே வந்து, வழக்கமான கல்லில் கற்பூரம் கொளுத்தியிருந்தார். கையில் சாப்பாட்டுப் பார்சல். இரண்டு பேருக்கும் போதுமான பெரிய பார்சல்.

நான் முன்பலகையில் ஏறி இருந்தேன். வழக்கம் போலக் கையை நீட்டினேன். வழக்கம் போல அவர் அதைப் பிடிக்கவில்லை. என் தோளைப் பிடித்தார். முழங்காலைத் திட்டிக்கொண்டு, அதில் பாரம் போட்டு ஏறி, எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

ஏறி முடிந்த பிறகும் கையை எடுக்கவில்லை.